பூட்டியது நினைவில்லை

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் எனக்குத் தூக்கம் நின்றுபோனது. இதனால்தான் என்று ஒரு காரணத்தைக் காட்ட முடியாது. பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் எடுப்பவர்களுக்கு நவம்பருக்குப் பிறகு வந்து சேரும் வேலைதான் எனக்கும் வந்தது. போர்டு பரீட்சைக்கு முன் பள்ளியிலேயே நடத்தும் ப்ரிலிம் பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும். அறுபத்திரண்டு பிள்ளைகளின் ஜர்னல், அதாவது செய்முறைப் பரிசோதனைகளை எழுதி வைக்கும் நோட்டு, பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பெயிலாகிவிடுவார்கள் என்று தோன்றுகிறவர்களுக்குத் தனி வகுப்பு. அதற்கு மேல், வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க சாயங்காலங்களில் தாராவியின் சந்துகளில் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். பதினேழு வருடமாகச் செய்த வேலைதான். அந்த வருடம் மட்டும் படுத்தால் கண் மூட மறுத்தது.

முதலில் எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தூங்காத நேரத்தில் பேப்பர் திருத்தலாமே. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்வோம். "நான் நேத்து மூணு மணிநேரம்தான்." "எனக்கு ரெண்டரை." யார் குறைவாகத் தூங்கினார்களோ அவர்களுக்குக் கொஞ்சம் மரியாதை கூடுதல்.

டிசம்பரில்தான் பயம் வந்தது. பள்ளி விட்டு சயானில் வண்டி ஏறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்குவது என் வழி. ஒரு நாள் குர்லாவில் ஏறினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, மான்குர்ட் பிளாட்பாரத்தில் கையில் பையோடு நின்றுகொண்டிருக்கிறேன். தூங்கிப் போய்விட்டேன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் எனக்கு உட்கார இடம் கிடைத்திருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றபடியே செம்பூரைக் கடந்து, கூட்டத்தோடு கூட்டமாக இறங்கியும் இருக்கிறேன். நடுவில் இருந்த நேரம் மட்டும் என்னிடம் இல்லை.

வகுப்பிலும் அது வந்தது. கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டுத் திரும்பினால் பிள்ளைகள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். பலகையைப் பார்த்தேன். லென்ஸ் கணக்கு ஒன்று, அதே எண்களோடு, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு முறை எழுதியிருந்தது. முதல் முறை எழுதியது எனக்குத் தெரியவே தெரியாது. "ரெண்டாவது தடவை எழுதினாத்தான் மண்டையில ஏறும்" என்று சமாளித்தேன். சிரித்தார்கள். ஒன்றை அழித்துவிட்டு அடுத்த கணக்கைத் தொடங்கினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. என் கணவர் அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். விடியுமுன் போனால் இருட்டிய பிறகு வருவார். ஒரு நாள் காஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்காமல் நான் ஹாலில் போய் உட்கார்ந்திருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். "என்னடி ஒனக்கு, ஞாபகம் எங்க கெடக்கு?" என்று கத்திவிட்டு ஜன்னலைத் திறந்தார். வேலை அதிகம் என்றேன். இரண்டு நாள் லீவு போட்டுத் தூங்கு என்றார். ப்ரிலிம் நேரத்தில் யார் லீவு தருவார்கள்?

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்காருவாள். பதினைந்து வயது. அப்பா தோல்பை தைக்கிற பட்டறையில் வேலை. பட்டறைக்கு மேலேயே இரும்பு ஏணி ஏறிப் போகும் ஒற்றை அறையில் நாலு பேர் குடியிருந்தார்கள். ஆர்டர் வந்துவிட்டால் கீழே மெஷின் நிற்காது என்பதும், தரைப்பலகை முழுக்க அதிரும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் வகுப்பில் தூங்குகிறாள் என்பதுதான். இரண்டு முறை எழுப்பி நிற்க வைத்தேன். இரண்டாம் முறை நின்றுகொண்டே தூங்கினாள். தலை முன்னால் சாய்ந்து பெஞ்சில் இடித்தது. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. அரை நாள் பள்ளி, பன்னிரண்டரைக்கு மணி அடித்துவிடும். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டேனா இல்லையா என்று தெரியாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்தது. அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண்ணின் பெயரைச் சொல்லி, அவளுடைய அம்மா பேசுவதாகச் சொன்னார்.

"டீச்சர், ஸ்கூல்ல எதுவும் எக்ஸ்ட்ரா க்ளாஸ் வச்சிருக்கியளா? எம்புள்ள இன்னும் வீட்டுக்கு வரலையே."

"இல்லம்மா. பன்னண்டரைக்கே விட்டாச்சே."

"நான் ஸ்கூலுக்கும் போயிட்டு வந்துட்டேன் டீச்சர். கேட்டு பூட்டிக் கெடக்கு. எங்க தெருவுல கூடப் படிக்கிற பிள்ளையள்ட்ட எல்லாம் கேட்டாச்சு, யாரும் பாக்கலங்காவ. அவுக அப்பா ஸ்டேஷன் பக்கம் போயிருக்காக. பக்கத்து வீட்டுப் பயலுவ கிரீக் பக்கம் தேடப் போயிருக்கானுவ."

கிரீக் என்றால் தாராவியை ஒட்டிய கடல்கழி, ஆழமான சேறும் தண்ணீரும். "ஏம்மா அங்க போகணும்? வீட்டுல எதுவும் சண்டையா?"

"காலையில மார்க் கொறஞ்சிருக்குன்னு அவுக அப்பா நாலு வார்த்த கேட்டாக. பதிலே பேசல டீச்சர். அவ பதில் பேசி ஒரு வாரமாச்சி."

உடனே வருகிறேன் என்று போனை வைத்தேன். அவளைக் கடைசியாக எங்கே பார்த்தேன் என்று யோசித்தேன். காலையில் வகுப்பில் பார்த்தது நினைவிருந்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை. மணி அடித்ததிலிருந்து சயான் ஸ்டேஷன் படிக்கட்டு வரைக்கும் ஒன்றுமே இல்லை. அன்று பள்ளியிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

செருப்பைப் போடப் போனவள், ஏதோ தோன்றி மேஜைக்குத் திரும்பினேன். திருத்திய ப்ரிலிம் விடைத்தாள் கட்டு அங்கே இருந்தது. மார்க்கை மட்டும் வகுப்பில் வாசித்திருந்தேன், தாளை இன்னும் கொடுக்கவில்லை. அவளுடைய தாளை உருவினேன். நாற்பதுக்குப் பத்தொன்பது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

பக்கத்தின் அடியில் பென்சிலால் இரண்டு வரி எழுதியிருந்தது. இந்தியை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தாள். எங்கள் பிள்ளைகள் போனில் எழுதுவது அப்படித்தான். எனக்குத் தூங்க வேண்டும், அவ்வளவுதான். எழுந்திருக்க வேண்டாம். இதுதான் அந்த இரண்டு வரி.

அதன் கீழே சிவப்பு மையில் ஒரு டிக். பக்கத்தில் என் கையெழுத்து. அதற்குக் கீழே, கையெழுத்து சுத்தமாக இருக்கட்டும் என்று நானே இங்கிலீஷில் எழுதியிருந்தேன்.

என் எழுத்துதான். என் பேனாதான். அந்த வரியை நான் படித்திருக்கிறேன், படித்து டிக் போட்டிருக்கிறேன். ஆனால் அன்று அந்த நிமிஷம்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். தாளை மடித்துப் பையில் வைத்தேன். பிள்ளைக்கு என்ன ஆகியிருக்குமோ என்ற பயம் ஒரு பக்கம். நான் இன்னும் என்னென்ன செய்திருக்கிறேனோ என்ற பயம் இன்னொரு பக்கம். எது பெரியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆட்டோ பிடித்தேன். நெரிசல். ஜெபம் பண்ணலாம் என்று தொடங்கினேன். சிறு வயதில் வடாலாவில் சண்டே ஸ்கூலில் கற்றது, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இரண்டாவது வரி வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அப்போதும் வரவில்லை. வாய்விட்டு அழுதிருக்கிறேன் போலிருக்கிறது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "மேடம், தபியத் டீக் ஹை?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேகமாகப் போங்கள் என்றேன். தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். மாதுங்காவில் இருப்பவர். "பதறாதேங்கோ. நான் பியூனைச் சாவியோட வரச் சொல்றேன். நானும் கிளம்பிட்டேன்" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளி கேட்டுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். அவளுடைய அம்மா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெற்றோர் கூட்டத்தில் நான் பார்த்தேயிருக்காத முகம், ஆனால் யார் என்று உடனே தெரிந்தது. அவர் என் கையைப் பிடித்து, "எங்கயாது போறேன்னு ஒங்கள்ட்ட சொன்னாளா டீச்சர்? ஒங்கள்ட்ட சொல்லுவா. ஒங்க பாடத்தத்தான் ராத்திரி பகலா எழுதிட்டு இருந்தா" என்றார். என் பையில் அந்த விடைத்தாள் இருந்தது. அதை எடுக்கக் கை வரவில்லை.

தலைமையாசிரியை டாக்சியில் வந்து இறங்கினார். பியூன் கேட்டைத் திறந்தார். அப்போது அவளோடு படிக்கிற ஒரு பெண், யாரோ வீட்டிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள், என்னைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"டீச்சர், அவ லேப்லதான இருந்தா?"

"எந்த லேப்ல?"

"நம்ம சயின்ஸ் லேப். நீங்கதான சொன்னீங்க. ஜர்னல்ல ரெண்டு எக்ஸ்பெரிமென்ட் பாக்கி இருக்கு, இங்கயே உக்காந்து முடிச்சிட்டுப் போன்னு. நாங்க எல்லாரும் போகும்போது நீங்களும் அவளும்தான் இருந்தீங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேனா? இருந்தேனா? தலையை எவ்வளவு உலுக்கினாலும் எதுவும் கிடைக்கவில்லை.

பியூன் ஆபீசுக்குள் ஓடினார். லேப் சாவி மாட்டும் ஆணி காலியாக இருந்தது. "சாவி இல்லையே மேடம். டீச்சர் கொண்டுவந்து தரலையே, அவங்க வீட்டுக்கே கொண்டுபோய்ட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார். என் கை தானாகப் பைக்குள் போனது. டிபன் பாக்ஸுக்குக் கீழே, மரத்துண்டு கட்டிய அந்தச் சாவி இருந்தது.

வெளியே எடுத்தேன். அம்மாதான் முதலில் ஓடினார்.

லேப் மூன்றாவது மாடி. அந்தப் படிகளை நான் ஏறியது இன்னும் கனவில் வருகிறது. உள்ளே ஆசிட் பாட்டில்கள் இருக்கும் அலமாரியின் பூட்டு பழுதாகி இரண்டு மாதம் ஆகிறது. அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டு, எழுதிக் கொடுக்காமல் இருந்தவளும் நான்தான். ஒவ்வொரு படியிலும் அந்த அலமாரிதான் கண் முன்னால் வந்தது. அம்மா கதவைத் தட்டிக் கத்தினார். "பாப்பா! ஏட்டி, பாப்பா!" உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் சாவியைத் தலைகீழாக நுழைத்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை வாங்கித் திறந்தார்.

கடைசி மேஜைக்குப் பின்னால், சுவரோரம், பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தரையில் படுத்திருந்தாள். ஒரு கை நெஞ்சின்மேல் இருந்தது. ஜர்னல் பக்கத்தில் திறந்து கிடந்தது.

நான் அலமாரியைப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. அப்போதும் பயம் போகவில்லை. அவளுடைய அம்மா குனிந்து மகளின் வாயை முகர்ந்து பார்த்தார். நான் செய்ய நினைத்து, காலை எடுத்துவைக்க முடியாமல் நின்றதை அவர் செய்தார். பிறகு தோளைப் பிடித்து உலுக்கினார்.

கண்ணைத் திறந்தாள். அவ்வளவு கூட்டத்தையும் பார்த்து மிரண்டு, "க்யா ஹுவா?" என்றாள். என்ன ஆச்சு?

அம்மா அவளைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அப்படியே தரையில் சரிந்து, மகளின் பாதங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பியூன் கூட்டத்தைக் கீழே அனுப்பினார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் பூட்டினது ஒனக்குத் தெரியலையாம்மா?"

"தெரிஞ்சது டீச்சர். சத்தம் கேட்டுச்சு."

"அப்ப ஏன் கூப்பிடல?"

"கத்தலாம்னுதான் எழுந்தேன். அப்புறம் தோணிச்சு, இங்க யாரும் எழுப்ப மாட்டாங்கன்னு. மெஷின் சத்தம் இல்ல. படுத்துட்டேன்."

தலைமையாசிரியை என்னைத் தனியே வராந்தாவுக்கு அழைத்துப் போனார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். மான்குர்ட், கரும்பலகை, காஸ் அடுப்பு. கடைசியாக விடைத்தாளை எடுத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். என் சிவப்பு மை வரிக்கு வந்ததும் தாளை மடித்துவிட்டார்.

"நான் ஒம்பது வருஷமா அரை மாத்திரை போட்டுண்டுதான் தூங்கறேன்" என்றார். "ஆத்துலகூட யாருக்கும் தெரியாது. உங்களைக் கேட்டிருக்கணும் நான். பார்த்துண்டுதான் இருந்தேன், கண்ணெல்லாம் உள்ள போயிருக்கேன்னு. பரீட்சை முடியட்டும்னு விட்டுட்டேன்."

இதை அவளுடைய அம்மாவிடம் சொல்லியாக வேண்டும் என்றேன். இன்றைக்கே வேண்டுமா என்று தயங்கினார். இன்றைக்கே என்றேன். நாளைக்கு என்று தள்ளினால் நாளை எனக்கு நினைவிருக்குமா என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "என்ன எழுதியிருக்கு, வாசிங்க டீச்சர்" என்றார். வாசித்தேன். தமிழில் சொன்னேன்.

"தூங்கணும்னுதான எழுதியிருக்கா? தூங்கட்டும். இனிமே எழுப்பவே மாட்டேன்" என்றவர், அடுத்த வரி மெல்ல உறைக்க, மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் வாழ்க்கையில் நான் கேட்ட கேள்விகளில் எனக்கு மிகவும் பயமாக இருந்த கேள்வியை அப்போது கேட்டேன். கேட்டால் இல்லாத எண்ணத்தையும் கொடுத்துவிடுவோமோ என்று தயங்கினேன். கேட்காமல் வீட்டுக்குப் போகவும் முடியாது.

"செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா ஒனக்கு?"

"சில சமயம்" என்றாள். "தெனமும் இல்ல டீச்சர்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்டால் சொல்கிற அதே குரலில் சொன்னாள். அவள் அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அம்மா அவளைக் கண்ணை விட்டு அகற்றவில்லை. மணிக்கு ஒரு முறை எனக்குப் போன் செய்து, "இருக்கா டீச்சர். சாப்புடுதா டீச்சர்" என்று சொன்னார். நான் அந்தப் போனுக்காகவே உட்கார்ந்திருந்தேன். என் கணவரிடம் அன்றுதான் சொன்னேன். சாவி கதையைக் கேட்டு முடித்ததும் எழுந்து போய் அடுப்பு வால்வை மூடிவிட்டு வந்தார். "சரி, இனி சமையல் நான் பாத்துக்கிறேன். நீ டாக்டர்கிட்ட போ" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு அம்மாவைச் சம்மதிக்க வைப்பது எளிதாக இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்கு வந்து, "பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டர்னு சொல்லுதாவளே டீச்சர். தெருவுல தெரிஞ்சா நாளைக்கு இவள யாரு கெட்டுவா?" என்றார்.

"நானும்தாம்மா அதே டாக்டர்கிட்ட காட்டப் போறேன். மொதல்ல என் பேரை எழுதுறேன், அப்புறம் அவ பேரு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்களுக்கு என்ன டீச்சர்?"

"அவளுக்கு இருக்கிறதுதான்."

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் முனிசிபல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கேஸ் பேப்பர், அதாவது நோயாளிச் சீட்டு, எழுதும் வரிசையில் நான் முன்னால், அந்தப் பெண் பின்னால். அவள் என்னைப் பார்க்காமல் நின்றாள், நான் அவளைப் பார்க்காமல் நின்றேன். வராந்தாவில் எங்களைப் போலவே காத்துக்கொண்டு, புத்தகப்பையோடு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அதில் எங்கள் பள்ளி யூனிபாரம் இரண்டு இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்தப் பிள்ளைகள் எந்த வகுப்பு, எந்த டீச்சர் இவர்களை நிற்க வைத்தார் என்றுதான் நினைப்பு ஓடியது.

டாக்டர் சின்னப் பெண், மராட்டி பேசுகிறவர். அந்தப் பெண்ணை முதலில் தனியாக வைத்து நெடுநேரம் பேசினார். பிறகு அம்மாவை அழைத்தார், நான் இடையில் இருந்து தமிழில் சொன்னேன். பிள்ளையைத் தனியே விடாதீர்கள், மருந்து மாத்திரை எதையும் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், வாரா வாரம் கூட்டி வாருங்கள், எல்லாவற்றுக்கும் முதலில் அவள் தூங்க ஓர் இடம் பாருங்கள் என்றார். எல்லாம் முடிந்து எழுந்தபோது, என்னுடைய கேஸ் பேப்பரை மேஜைமேல் வைத்தேன். டாக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உட்காருங்க டீச்சர்" என்று இந்தியில் சொன்னார். அந்தப் பெண் வாசலில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கோபர்கைரனேயில் அவளுடைய பெரியம்மா வீடு இருந்தது. பரீட்சை முடியும்வரை அவள் அங்கேயே தங்குவது என்று முடிவானது. கூட்டிப் போய் விட்டது அவள் அப்பாதான். போவதற்கு முன் பள்ளிக்கு வந்து கேட்டருகே நின்றார், உள்ளே வரவில்லை. "மார்க் என்ன மார்க் டீச்சர். புள்ள இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

எனக்குத் தூக்கம் மெதுவாக வந்தது. மாத்திரையோடு மூன்று மணி நேரம், நாலு மணி நேரம். ஒரு நாள் ஐந்து. வாக்காளர் பட்டியல் வேலையிலிருந்து விடுதலை கேட்டு எழுதிய கடிதத்துக்கு, அந்த வேலையே முடிந்த பிறகுதான் பதில் வந்தது. என் சனிக்கிழமை வகுப்புகளைத் தலைமையாசிரியை நிறுத்தினார். அலமாரிக்குப் புதுப்பூட்டு வந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமையின் அரை மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. டாக்டரிடம் கேட்டேன். சில சமயம் மூளை அதைப் பதியவே பதியாது, பதியாததைத் தேடாதீர்கள் என்றார். தேடாமல் இருக்க முடியவில்லை. இன்றும் எதையாவது செய்து முடித்ததும், இப்போது செய்தேன், இப்போது செய்தேன் என்று எனக்குள் இரண்டு முறை சொல்லிக்கொள்கிறேன்.

மார்ச்சில் போர்டு பரீட்சை. ஒவ்வொரு பரீட்சை நாளும் சென்டர் வாசலில் போய் நின்றேன். அவள் உள்ளே போகும்வரை ஒரு பயம், வெளியே வரும்வரை வேறொரு பயம். எழுதி முடித்தாள். பாஸ் ஆனாள். பெரிய மார்க் இல்லை. காமர்ஸ் எடுத்து ஜூனியர் காலேஜில் சேர்ந்தாள். மார்க் ஷீட் வாங்க வந்தவள் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லவா? அன்னிக்கு நீங்க லேப்பைப் பூட்டலேன்னா நான் எங்க போயிருப்பேன்னு எனக்கே தெரியாது. வீட்டுக்குப் போற ஐடியா இல்ல."

இதை யாரிடமாவது சொன்னால், அப்படியானால் நீங்கள் பூட்டியதும் நல்லதற்குத்தான் என்கிறார்கள். எனக்கு அப்படி நினைக்க முடியவில்லை. நான் பூட்டியது எனக்கே தெரியாது. தெரியாமல் செய்தது இந்தப் பக்கம் விழுந்தது. அந்தப் பக்கம் விழுந்திருந்தால்? அவளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியா?" என்றுதான் கேட்டேன். "நீங்க?" என்று திருப்பிக் கேட்டாள். இரண்டு பேரும் ஆமாம் என்றோம்.

அடுத்த வருடம் டிசம்பரில் ஒரு மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் நானும் கணக்கு சாரும் மட்டும் இருந்தோம். எங்கள் எல்லோரிலும் சத்தமாகச் சிரிக்கிறவர் அவர். இரண்டரை மணி நேரத் தூக்கம் என்று பெருமை பேசுவாரே, அவர். பேப்பர் கட்டை அவிழ்த்துக் கட்டி, அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "டீச்சர், நீங்க போனீங்களே ஒரு டாக்டர், அவங்க எந்தக் கிழமை பாக்குறாங்க?" என்று கேட்டார்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவருடைய கண்களைப் பார்த்ததும் எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. இவர் காலையில் எந்த வகுப்பில் இருந்தார், அங்கே என்ன செய்தார், அவருக்கு அது நினைவிருக்கிறதா என்று மனம் ஓடியது.

"செவ்வாய்க்கிழமை சார்" என்றேன். "கேஸ் பேப்பருக்கு எட்டு மணிக்கே நிக்கணும். நானும் வர்றேன்."

அவர் பேப்பர் கட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.